ஹகாட்டா ராமென் கடையில் சாப்பிடுவது எப்படி? டோக்கன் முதல் கயெதமா வரை

ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்து ஹகாட்டா ராமென் என்ற சூப் உணவில் நூடுல்ஸ் மெல்லியது, மாவில் நீர் குறைவு. அதனால் சூப்பை மளமளவென்று உறிஞ்சிக் குழைந்துவிடும். முதலில் கொஞ்சமாகப் போட்டு, பிறகு இன்னொரு ஈடு வாங்கிக்கொள்ளும் வழக்கம் அதனால்தான். அதே நகரத்து நகஹாமா மீன் சந்தையின் அவசரத்தில் பிறந்த பழக்கம் இது.

முதலில் ஒரு எச்சரிக்கை: இந்த ராமெனின் டோன்கொட்சு சூப் பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுப்பது. மேலே உள்ள கறித்துண்டை வேண்டாம் என்றாலும் அது சைவம் ஆகாது.

1. பல கடைகளில் வாசலருகே டோக்கன் மெஷின் இருக்கும். முதலில் பணம், பிறகு பட்டன். பணம் போடாமல் அழுத்திவிட்டு "வேலை செய்யவில்லை" என்று நிற்பவர்கள்தான் அதிகம். பழைய மெஷின்கள் 1000 யென் நோட்டும் சில்லறையும் மட்டுமே வாங்கும். 2024 ஜூலையில் வந்த புதிய நோட்டுகளைச் சில மெஷின்கள் துப்பிவிடும். சில்லறை வைத்திருங்கள். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடது மேல் மூலைப் பட்டன். பெரும்பாலும் கடையின் முக்கிய ராமென் அங்கேதான். மீதிப் பணம் தானாக வராவிட்டால் அதற்கான லீவரைத் திருப்புங்கள்.

2. உட்கார்ந்ததும் டோக்கனைக் கொடுங்கள். நூடுல்ஸ் எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்பார்கள்: யவா (குழைவு), ஃபுட்சூ (சாதாரணம்), கத்தா (விறைப்பு), பரிகத்தா (அதைவிட விறைப்பு). புதியவர்களுக்கு கத்தா சரி. சாப்பிட்டு முடிப்பதற்குள் அதுவே ஃபுட்சூ ஆகிவிடும்.

3. கிண்ணம் வந்ததும் சூப்பை இரண்டு வாய் அப்படியே ருசியுங்கள். மேசையிலுள்ள காரமான தக்கானாக் கீரை ஊறுகாயை எடுத்ததும் அள்ளிப் போட்டால் சூப்பின் ருசி அதோடு போயிற்று. எள், சிவப்பு இஞ்சி, பூண்டு எல்லாம் பாதிக்குப் பிறகு. உறிஞ்சும் சத்தத்துக்கு வெட்கப்பட வேண்டாம். படம் எடுக்க ஐந்து நிமிடம் செலவழித்தால் மட்டும் நஷ்டம் உங்களுக்கு.

4. இனி கயெதமா, அதாவது நூடுல்ஸ் மட்டும் மறு ஈடு. பெரும்பாலும் 100 முதல் 200 யென். இரண்டு மூன்று வாய் நூடுல்ஸ் மிச்சமிருக்கும்போதே "கயெதமா, கத்தா" என்று சொல்லிவிடுங்கள். வெந்து வருவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும். பலர் தவறுவது இங்கேதான்: சூப்பைக் குடித்துத் தீர்த்துவிட்டால் புது நூடுல்ஸ் எதில் ஊறும்? பாதி சூப்பாவது விடுங்கள். கயெதமா நூடுல்ஸில் ஒட்டிக்கொண்டு வரும் வெந்நீர் சூப்பை நீர்க்கச் செய்யும். மேசையிலுள்ள ராமென் தாரே என்ற உப்புச் சாற்றை அரைக் கரண்டி விட்டுக் கலக்கினால் சரியாகும்.

5. தண்ணீர் பெரும்பாலும் நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். டிப்ஸ் கிடையாது. முடித்ததும் சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் முறை. எதிரே மேல்தட்டு இருந்தால் கிண்ணத்தை அதில் ஏற்றிவிட்டு, "கொச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லி உடனே எழுந்துவிடுங்கள். வாசலில் அடுத்தவர் டோக்கனோடு நிற்பார்.