7ஆவது டிவிஷன் என்றால் 7ஆவது வட்டமா? ஜெர்மன் படைகளின் சொந்த ஊரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940இல் ஜெர்மன் தளபதி ரோமலின் 7ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷன் பிரான்ஸுக்குள் புகுந்து விரைந்த கதை, போர் வரலாறு படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் படையில் இருந்தவர்கள் எந்தப் பக்கத்துக்காரர்கள் என்று கேட்டால், "7ஆவது வேர்க்ரைஸ் மியூனிக், அப்போ பவேரியர்கள்" என்று உடனே பதில் வரும். (வேர்க்ரைஸ் என்பது ராணுவம் ஆள் எடுக்க நாட்டைப் பிரித்து எண் கொடுத்த பகுதி.) தவறு. அந்த டிவிஷனின் வீடு துரிங்கியாவில் உள்ள கேரா நகரம். அது காசலைத் தலைமையிடமாகக் கொண்ட 9ஆவது வேர்க்ரைஸைச் சேர்ந்தது. 2ஆவது லைட் டிவிஷனாக (டாங்கிகள் குறைவாக உள்ள மோட்டார் படையாக) பிறந்து, போலந்துப் போருக்குப் பிறகு பான்சராக மாற்றப்பட்டபோது வரிசையில் கிடைத்த எண்தான் 7.

வேர்க்ரைஸை "ராணுவ மாவட்டம்" என்று எழுதுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மாவட்டம் என்றதும் ஒரு கலெக்டர் நிர்வகிக்கிற அளவுதான் நம் மனதில் வருகிறது. 3ஆவது வேர்க்ரைஸ் என்பது பெர்லினும் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கும் சேர்ந்த பெரிய நிலப்பரப்பு. 1939இல் போர் தொடங்கியபோது, இணைத்துக்கொண்ட ஆஸ்திரியாவையும் சேர்த்து மொத்தமே 15 வேர்க்ரைஸ்கள்தான். க்ரைஸ் என்றால் வட்டம். அதனால் நான் படைவட்டம் என்றே எழுதுகிறேன். ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, புதுப் படைகளைக் கட்டுவது, காயம் ஆறியவர்களைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்புவது எல்லாம் இந்த வட்டங்களின் வேலை.

எண் குழப்பத்துக்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் 1,00,000 பேர் கொண்ட தரைப்படையை மட்டுமே விட்டுவைத்தது. அதில் 7 காலாட்படை டிவிஷன்கள். நாடும் 7 படைவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டத்துக்கு ஒரு டிவிஷன், இரண்டுக்கும் ஒரே எண். பிறகு ஹிட்லர் படையைப் பெருக்கியபோது காலாட்படையில் 9 வரைக்கும் இந்தப் பொருத்தம் நீடித்தது. 10இல் உடைந்தது. 10ஆவது டிவிஷனின் ஊர் ரெகன்ஸ்பர்க், அதாவது 13ஆவது வட்டம். 11ஆவது டிவிஷன் கிழக்குப் பிரஷ்யாவின் ஆலன்ஸ்டைனில், 1ஆவது வட்டத்தில். 12ஆவது ஷ்வெரினில், 2ஆவது வட்டத்தில். 13ஆவது மாக்டபர்கில், 11ஆவது வட்டத்தில். 10க்கு மேல் போனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பான்சர் டிவிஷன்களுக்கு இப்படி ஒரு விதி எந்தக் காலத்திலும் கிடையாது.

ரெஜிமெண்ட் எண்ணை டிவிஷன் எண்ணாக எடுத்துக்கொள்வது இதைவிட மோசம். பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமெண்ட், ரெஜிமெண்டுகள் சேர்ந்தது டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தது கோர். 62ஆவது காலாட்படை ரெஜிமெண்ட் பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட்டில் இருந்தது. 62ஆவது காலாட்படை டிவிஷன் சிலேசியாவில் திரட்டப்பட்டது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரோமன் எண் கண்ணில் பட்டதும் அது படைவட்டம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கோர்களுக்கும் ரோமன் எண்தான், ரெஜிமெண்டுக்குள் இருக்கும் பட்டாலியன்களுக்கும் ரோமன் எண்தான். ரோமன் இரண்டு, புள்ளி, சாய்கோடு, பிறகு ரெஜிமெண்ட் எண் என்று இருந்தால், அது அந்த ரெஜிமெண்டின் 2ஆவது பட்டாலியன்.

அப்புறம், சிலர் 14, 15, 16ஆவது படைவட்டங்களை வரைபடத்தில் தேடுவார்கள். அவை கிடைக்காது. அந்த எண்கள் மோட்டார் படைகள், லைட் டிவிஷன்கள், பான்சர் டிவிஷன்கள் ஆகியவற்றின் கோர்களுக்குக் கொடுக்கப்பட்டவை. அவற்றுக்கு என்று நிலப்பரப்பு எதுவும் இல்லை.

அடுத்த தவறு, ஒரே எண்ணுள்ள இரண்டு தலைமையகங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. அமைதிக் காலத்தில் கோரின் தளபதியே படைவட்டத்துக்கும் தளபதி. போர் வந்ததும் அவர் கோரோடு போர்முனைக்குப் போய்விடுவார். ஊரில் "துணைத் தலைமையகம்" ஒன்று உட்கார்ந்து வட்டத்தை நடத்தும். 1941 குளிர்காலத்தில் 6ஆவது கோர் ரஷ்யாவில் ர்ஷெவ் பக்கம் போராடிக்கொண்டிருந்தது. அதே எண்ணுள்ள துணைத் தலைமையகம் மியூன்ஸ்டரில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொன்று ஆட்சியைப் பிடிக்க நடந்த முயற்சியே புரியாது. அதை முன்னின்று நடத்திய ஸ்டாஃபன்பர்க் உள்நாட்டுப் படையின் தலைமைப் பணியாளராக இருந்தார். அன்று மாலை பெர்லினிலிருந்து ஆணைகள் போனது இந்த ஊர்த் தலைமையகங்களுக்குத்தான். வியன்னாவில் அந்த ஆணைகளை நம்பி நாஜிக் கட்சித் தலைவர்களைக் காவலிலும் வைத்தார்கள்.

சரி, ஒரு சிப்பாய் எந்தப் பக்கத்துக்காரர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பலரும் கழுத்தில் தொங்கிய அடையாளத் தட்டைப் பார்ப்பார்கள். நீள்வட்ட உலோகத் தட்டு, நடுவில் உடைப்பதற்கென்றே போட்ட துளைக் கோடு, இரண்டு பாதியிலும் ஒரே எழுத்து. ஆள் இறந்தால் ஒரு பாதி உடலோடு இருக்கும், மறு பாதியை உடைத்து எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அதில் பெயர் இருக்காது. வரிசை எண்ணும் ரத்த வகையும் ஒரு படைப்பிரிவின் பெயரும் இருக்கும். அந்தப் படைப்பிரிவுதான் ஏமாற்றும். அது அவர் இறந்தபோது இருந்த பிரிவு இல்லை, தட்டு முதன்முதலில் கொடுக்கப்பட்ட பிரிவு. பெரும்பாலும் எர்சாட்ஸ் பட்டாலியன், அதாவது ஊரில் இருந்து பயிற்சி கொடுத்து ஆள் அனுப்பும் பிரிவு. "62ஆவது எர்சாட்ஸ் பட்டாலியன்" என்று தட்டில் இருந்தால், அவர் அங்கே சிப்பாய் ஆனார் என்பது மட்டும்தான் உறுதி.

இதைவிட நம்பகமானது, சிப்பாய் சட்டைப் பையில் வைத்திருந்த சோல்ட்பூஹ் என்ற சம்பளப் புத்தகத்தின் 4ஆம் பக்கம். அவரை அனுப்பிய பிரிவு, போர்முனைப் பிரிவு, இப்போது பொறுப்பான எர்சாட்ஸ் பிரிவு என்று மூன்று பகுதிகள் அதில் உண்டு. மாற்றல் ஆக ஆகப் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருப்பார்கள். அடித்ததையும் சேர்த்துப் படியுங்கள். அவர் போன வழியே அங்கே இருக்கும்.

படை திரட்டப்பட்ட இடத்தை ஆட்களின் ஊர் என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. சுபாஷ் சந்திர போஸின் முயற்சியில் உருவான 950ஆவது இந்தியக் காலாட்படை ரெஜிமெண்டை நினைத்துப் பாருங்கள். அது பயிற்சி பெற்றது டிரெஸ்டனுக்கு அருகே, 4ஆவது வட்டத்துக்குள் இருந்த கோனிக்ஸ்ப்ரூக் திடலில். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோரோ ஜெர்மனியிடம் சிறைப்பட்ட, பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். ஜெர்மன் டிவிஷன்களிலும் ஒரு திடலில் கூடி, ஆட்களை வேறு வட்டங்களிலிருந்து பெற்றவை உண்டு. கிராஸ்டாய்ச்லாண்ட் என்ற சிறப்புப் படைக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுத்தார்கள்.

ஒரே எண்ணை போர் முழுக்க ஒரே படை என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். 1942 அக்டோபரில் காலாட்படை ரெஜிமெண்டுகள் கிரனடியர் ரெஜிமெண்டுகள் ஆயின. அது வெறும் பெயர் மாற்றம். ஸ்டாலின்கிராட் அப்படி இல்லை. அங்கே அழிந்த 44ஆவது, 71ஆவது டிவிஷன்கள் 1943இல் மறுபடி கட்டப்பட்டன. எண் அதுவே, ஆட்களில் பெரும்பாலோர் வேறு. 44ஆவது, 297ஆவது, 100ஆவது ஜேகர் (இலகு காலாட்படை) ஆகிய மூன்று டிவிஷன்களும் வியன்னாவின் 17ஆவது வட்டத்துப் படைகள். மூன்றுமே அந்த முற்றுகைக்குள் சிக்கின. ஒரே வட்டாரத்துத் தெருக்களில் ஒரே மாதங்களில் எத்தனை வீடுகள் கடிதம் வராமல் காத்திருந்திருக்கும் என்று யோசித்தால், இந்த எண்களைக் கவனமாக எழுதத் தோன்றும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற ஒரு தவறு. 5ஆவது, 12ஆவது வட்டங்களிலிருந்து வந்தவர்களை எல்லாம் ஜெர்மானியர் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். 1940க்குப் பிறகு, ஜெர்மனி கைப்பற்றிய பிரான்ஸின் ஆல்சேஸ் பகுதி 5ஆவது வட்டத்தோடும், பிரான்ஸின் லொரேன் பகுதியும் லக்சம்பர்க் நாடும் 12ஆவது வட்டத்தோடும் சேர்க்கப்பட்டன. 1942 ஆகஸ்டில் அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு தொடங்கியது. ஆல்சேஸிலும் லொரேனின் மோசெல் பகுதியிலும் மட்டும் சுமார் 1,30,000 பேர் இழுத்துச் செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஊர்களில் இன்றும் அவர்களுக்கு "மால்க்ரே நூ" என்றுதான் பெயர். "எங்கள் விருப்பம் இல்லாமலே" என்று பொருள்.