முழு அகல எழுத்துகள்: கம்பைலர் பிடிக்காத தவறுகள்

ஜப்பானிய ஃபார்ம் ஒன்றுக்குப் புதுப் பையன் ஒருவன் எழுதிய சரிபார்ப்பைப் போன வாரம் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி, அதே ஓட்டை.

ஜப்பானிய உள்ளீட்டு முறையில் தட்டினால் 1 என்பது １ என்று அகலமாக விழக்கூடும். அங்கே அதற்கு ஜென்காக்கு என்று பெயர். நம் வழக்கமான 1 ஹான்காக்கு. கோடில் அகலமான அடைப்புக்குறி விழுந்தால், கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரே கத்திவிடும், அதை விடுங்கள்.

எண்தானே என்று நம்புவது

பைத்தான் 3 மொழியின் ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பொருத்தும் குறிமுறை) ‘ஓர் இலக்கம்’ என்பதற்கான பேக்ஸ்லாஷ் டி (\d) போட்டால் 0 முதல் 9 வரைதான் தேறும் என்று நினைத்திருந்தேன். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பட்டியல்) தசம இலக்கம் என்று குறித்தவை எல்லாமே தேறும். தமிழ் ௭ கூடத் தேறும். (பத்தைக் குறிக்கும் ௰ தேறாது, அது தசம இலக்கம் இல்லையாம்.)

ஜப்பானிய அஞ்சல் குறியீடு 7 இலக்கம். யாரோ ஒரு வாடிக்கையாளர் அதை அகலமாகத் தட்டினார். என் சரிபார்ப்பு ஏழு எண் இருக்கிறது என்று உள்ளே விட்டது. அங்கிருந்து ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கத்தில், ஒவ்வொரு புலத்துக்கும் இத்தனை பைட் என்று நிலையான நீளமுள்ள ஃபைலாகப் பழைய சிஸ்டம் ஒன்றுக்குப் போகும். அந்தக் குறியாக்கத்தில் சாதா எண்ணுக்கு ஒரு பைட், அகல எண்ணுக்கு இரண்டு. நான் எண்ணியது எழுத்துகளை, அந்த சிஸ்டம் வெட்டியது பைட்டுகளை. 7 பைட் இருக்க வேண்டிய இடத்தில் 14. அந்த வரியில் முகவரி, போன் எல்லாம் ஏழு பைட் தள்ளிப் போய் உட்கார்ந்தன. ஃபைலைத் திறந்து பார்த்தால் எண்கள் சரியாகத்தான் தெரிந்தன! கண்டுபிடிக்க இரண்டு நாள். எங்கள் டெஸ்ட் டேட்டாவை எல்லாம் நாங்களே சென்னையில் உட்கார்ந்து தட்டியிருந்தோம். அதில் அகல எண் எப்படி வரும்?

ரெகெக்ஸில் [0-9] என்றே எழுதுங்கள். அதற்கு முன்னால் என்எஃப்கேசி (NFKC) முறையில் இயல்பாக்குங்கள், அதாவது அகல எழுத்து போன்ற மாற்று வடிவங்களைச் சாதா வடிவத்துக்கு மாற்றும் யூனிகோட் முறையில். அகல எண் தட்டியவரைத் திட்டி பிழைச்செய்தி காட்ட வேண்டாம், மாற்றுவது நம் வேலை. அப்புறம் டெஸ்டில் அகல எண் ஒன்றாவது இருக்கட்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எல்லாவற்றையும் இயல்பாக்குவது

மருந்து கிடைத்ததும் பெயர், முகவரி என எல்லா இடத்திலும் ஊற்றுவார்கள். என்எஃப்கேசி ① என்பதை வெறும் 1 ஆக்கிவிடும். கம்பெனிப் பெயரில் வரும் ㈱ என்ற ஒரே குறியை மூன்று எழுத்தாக உடைத்துவிடும். எண் புலங்களோடு நிறுத்துங்கள். பெயரைத் தேடுவதற்கு வேண்டுமானால் இயல்பாக்கிய பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள்.

கழித்தால் போதும் என்பது

ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துப் பட்டியலில் 33 முதல் 126 வரை எண் கொண்ட குறிகளுக்கு, அகல இணையின் யூனிகோட் எண் சரியாக 65248 கூடுதல். இயல்பாக்காமல் அதைக் கழித்துவிடலாம்தான். ஆனால் அகல இடைவெளி தனியாக 12288இல் இருக்கிறது, இந்தக் கணக்கில் வராது.

அழகுக்காக அகல எழுத்து

வேண்டாம். பல இடங்களில் தேடினால் கிடைக்காது.