நீலத்தைத் துடைத்தால் பர்ன் போய்விடாது: மெஷினிங்கில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

டிராயிங்கில் கேட்ட அளவு வந்துவிட்டது, ஃபினிஷ் பளபளவென்று இருக்கிறது, ஜாப் முடிந்தது என்று டிரேயில் வைத்துவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் பாகம் வண்டியில் ஓடும்போது எத்தனை நாள் தாங்கும் என்பதை அளவும் பளபளப்பும் மட்டும் முடிவு செய்வதில்லை. மேல்தோலுக்குள் உலோகம் இழுபட்டு நிற்கிறதா, அமுங்கி நிற்கிறதா என்பதும் முடிவு செய்கிறது. வெளியிலிருந்து எந்தச் சுமையும் இல்லாமலேயே உள்ளே தங்கியிருக்கும் இந்த எஞ்சு தகைவைத்தான் ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்கிறோம்.

டூல் உலோகத்தை அழுத்தி இழுத்து நீட்டும்போது, அடியில் இருக்கும் உலோகம் அந்தத் தோலைப் பழைய இடத்துக்குள் அடக்கப் பார்க்கும். தோல் அமுக்கத்தில் நிற்கும். சூடு இதற்கு நேர்மாறு. சூடான தோல் விரிய முயலும், குளிர்ந்த உள்பகுதி விடாது, தோல் அங்கேயே நசுங்கிவிடும். ஆறும்போது அது சுருங்கும்; நீளம் போதாமல் இழுபட்டு நிற்கும். இரண்டில் எது ஜெயிக்கிறதோ அதுவே மிஞ்சும். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் களைப்பு விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. இழுவை அந்த விரிசலைத் திறக்கும், அமுக்கம் மூடிப் பிடிக்கும்.

கூலன்ட் இல்லாமல் அரைப்பது, உடைந்த இன்சர்ட்டோடு (டூலில் மாட்டும் வெட்டு முனை) ஓட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிரைண்டிங் பர்னைத் துடைத்து மறைப்பது

அரைக்கும்போது சூட்டால் தோல் கெட்டுப்போவதைத்தான் பர்ன் என்கிறோம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஷாஃப்ட்டின் தோளில் (விட்டம் மாறும் படியில்) லேசாக நீலமோ பழுப்போ தெரியும். உடனே ஸ்பார்க் அவுட்டை (அரைக்கும் வீலை மேலும் உள்ளே நகர்த்தாமல் பொறி அடங்கும்வரை ஓடவிடுவது) கொஞ்சம் நீட்டுவார்கள், இல்லையென்றால் எமரி தாளை எடுத்து இரண்டு தேய். நிறம் போய்விடும், ஜாப் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய்விடும்.

நிறம் என்பது வெறும் ஆக்சைடு படலம். ஒரு மைக்ரானில் சிறு பங்குகூட வராது. அதற்குக் கீழே சூட்டால் கெட்டுப்போன அடுக்கு பல பத்து மைக்ரான், சில சமயம் நூறு மைக்ரானையும் தாண்டி இறங்கியிருக்கும். கேஸ் ஹார்டனிங் செய்த (மேல்தோலை மட்டும் கடினமாக்கிய) எஃகை 150 முதல் 200 டிகிரி செல்சியஸில்தான் டெம்பர் செய்கிறோம், அதாவது நொறுங்கும் தன்மை குறைய மறுபடி சூடேற்றுகிறோம். மழுங்கிய வீல் தொடும் இடத்தில் அந்தச் சூட்டைத் தாண்டுவதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம். தாண்டினால் தோல் மென்மையாகும், ஆறும்போது இழுவையில் நிற்கும். இன்னும் சூடேறினால் மேல் அடுக்கு மறுபடி கடினமாகி நொறுங்கும் தன்மைக்குப் போகும்; அதன் அடியில் மென்மையான, இழுபட்ட அடுக்கு இருக்கும். அரைத்த திசைக்குக் குறுக்கே மயிரிழை விரிசல்கள் வருவது இப்படித்தான்.

ஒருமுறை பினியன் ஷாஃப்ட் ஒன்று தோள் ஓரத்து ரேடியஸில் உடைந்து திரும்பி வந்தது. உடைந்த முகத்தில் அலையலையாகக் களைப்புக் கோடுகள். மெட்டீரியல் சரி, ஹார்ட்னெஸ் ரிப்போர்ட் சரி, அளவும் சரி. அதே லாட்டில் கையிருப்பில் இருந்தவற்றை நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) எட்ச் செய்து, அதாவது லேசாக அரிக்கவிட்டுப் பார்த்தோம். பளிச்சென்று இருந்த தோள் முகத்தில் கருப்புப் பட்டைகள் எழுந்து வந்தன. விசாரித்தால், நிறம் தெரிந்ததைத் துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க வழியில்லாத அளவுக்கு எல்லாம் கலந்துவிட்டது. மொத்த லாட்டும் ஸ்கிராப்.

ராக்வெல் ஹார்ட்னெஸ் சோதனை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். 60 ஹெச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) பாகத்திலேயே அந்தச் சோதனையின் வைர முனை 0.08 மிமீ அளவுக்கு இறங்குகிறது. மெல்லிய மென்தோலைத் துளைத்துக்கொண்டு அடியிலிருக்கும் நல்ல உலோகத்தைத்தான் அது அளக்கிறது.

நிறம் தெரிந்தால் மெஷினை நிறுத்துங்கள். அந்த ஜாப்பைத் தனியே எடுத்து வையுங்கள், எட்ச் செய்து பாருங்கள். கருப்பு என்றால் மென்மையான இடம். கருப்புக்கு நடுவே வெள்ளை என்றால் மறுபடி கடினமான இடம். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். நான் பார்த்தவரை பாதி நேரம் காரணம் டிரஸ்ஸிங்தான், அதாவது டயமண்ட் முனையால் வீல் முகத்தைச் சீராக்கும் வேலை. ஃபினிஷ் நன்றாக வரவேண்டும் என்று டயமண்டை மிக மெதுவாக நகர்த்துகிறார்கள். வீல் முகம் வழுவழுப்பாகிவிடுகிறது. அது வெட்டாது, தேய்க்கும். அப்படிப்பட்ட வீலோடு ஸ்பார்க் அவுட்டை நீட்டுவது இன்னும் சூட்டைத்தான் ஏற்றும். கூலன்ட் ஜாப் மேல் கொட்டினால் போதாது. வீலைச் சுற்றி ஓடும் காற்றைக் கிழித்துக்கொண்டு தொடும் இடத்துக்கே போகவேண்டும். அதற்கு ஜெட்டின் வேகம் வீலின் வேகத்தை நெருங்க வேண்டும். செலவு பார்க்காத இடத்தில் சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) வீல் போடலாம்; சூட்டை ஜாப்புக்குள் விடாமல் தன் வழியாகக் கடத்திவிடும்.

பர்ன் மேல் ஹார்ட் குரோம் போடுவது

பிளேட்டிங்கில் ஹைட்ரஜன் உள்ளே நுழையும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் கடின எஃகு அதைத் தாங்காது.

பிரைட் பாரில் நேராகக் கீவே வெட்டுவது

பிரைட் பார் என்னும் குளிர்நிலையில் இழுத்த கம்பி உள்ளுக்குள் சமநிலையில் நிற்கிறது, அவ்வளவுதான். பொதுவாக வெளிப்புறம் இழுவை, நடுவில் அமுக்கம். பந்தக்காலுக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கீவே (சாவி உட்காரும் நீளப் பள்ளம்) வெட்டியதும் கம்பியும் அப்படித்தான் வளைகிறது. ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினால் டயலில் நேராகக் காட்டும், ஆனால் புதிதாக ஒரு தகைவை உள்ளே ஏற்றிவிட்டீர்கள். முதலில் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யுங்கள், அதாவது சூடேற்றி மெதுவாக ஆறவிட்டுத் தகைவைத் தளர்த்துங்கள். முடியாவிட்டால் ரஃப் வெட்டி, பிடியைத் தளர்த்தி, அது நகர வேண்டிய அளவு நகர்ந்த பிறகு ஃபினிஷ் வெட்டுங்கள்.

அலுமினியத் தட்டிலும் இதே கதைதான். ஆழமாகப் பாக்கெட் குடையும் ஜாப்புக்கு 7075 கலவை வாங்கும்போது பதக் குறியாக டி6 என்று மட்டும் எழுதாமல் டி651 என்று எழுதுங்கள். அந்தத் தட்டைக் கிட்டத்தட்ட 1.5 முதல் 3 சதவீதம் இழுத்து நீட்டி, தகைவைக் குறைத்துத் தருகிறார்கள்.

தேய்ந்த இன்சர்ட்டில் ஃபினிஷ் கட்

தேய்ந்த பக்கவாட்டு முகம் ஜாப்பை உரசும், சூடு ஏறும், தோல் இழுவைக்குப் போகும். புது முனை ஃபினிஷுக்கு, பழைய முனை ரஃபுக்கு.

வயர் கட் முடிந்ததும் பஞ்ச் டூலை அப்படியே மாட்டுவது

வயர் கட் மின்பொறியால் உருக்கித்தான் வெட்டுகிறது; உருகி உறைந்த அடுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஸ்கிம் கட் (மெல்லிய இறுதி வெட்டு) கொடுங்கள், மிச்சத்தைப் பாலிஷ் செய்து எடுங்கள்.

ஷாட் பீனிங் செய்த இடத்தை அரைப்பது

சிறு உருண்டைகளை அடித்து மேல்தோலில் அமுக்கம் ஏற்றுவதுதான் ஷாட் பீனிங்; அரைத்தால் அந்தத் தோல் போய்விடும். செய்யாதீர்கள்.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் வாங்குவது

எஞ்சு தகைவை எக்ஸ்ரேயால் அளக்கலாம். குரோமியம் எக்ஸ்ரே குழாய் வைத்து எஃகை அளந்தால் அந்தக் கதிர் தகவல் தருவது சுமார் 5 மைக்ரான் ஆழத்திலிருந்துதான். அந்த 5 மைக்ரானில் அமுக்கம் என்று வந்திருக்கும். 30 மைக்ரானில் பெரிய இழுவை உட்கார்ந்திருக்கும். துடைத்துத் தேய்த்த பாகத்தில் இது நடக்க நிறைய வாய்ப்பு, ஏனென்றால் எமரி தேய்ப்பே மேல்தோலில் கொஞ்சம் அமுக்கத்தைக் கொடுத்துவிடும். லேப்புக்கு அனுப்பும்போதே எலக்ட்ரோபாலிஷ் செய்து (மின்சாரத்தால் கரைத்து) அடுக்கடுக்காக எடுத்து, ஆழம் வாரியாக அளந்து தரச் சொல்லுங்கள்.