ரெண்டு ஹெல்மெட், பதினோரு தலை: கிரிக்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை லெதர் பாலில் ஆடும் டீம்கள் பலவற்றில் கிட் பேக்கில் ஹெல்மெட் இருக்கிறது. ஆனால் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒன்றோ ரெண்டோதான். அவுட் ஆனவர் வெளியே வரும்போது கழற்றிக் கொடுப்பார், அடுத்தவர் நடந்துகொண்டே மாட்டிக்கொள்வார். பின்னால் இருக்கும் திருகுசக்கரத்தை யாரும் தொடுவதில்லை. மேட் விரித்த விக்கெட்டில் பந்து மார்புக்கும் முகத்துக்கும் சட்டென எழும்பும். அங்கே தளர்ந்த ஹெல்மெட்டோடு நிற்பது மிகவும் ஆபத்து.

மாட்டியதும் வார் போடாமல் குனிந்து தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட் நழுவினால் சக்கரத்தைத் திருகி இறுக்குங்கள். அப்போதும் நழுவினால் அது உங்கள் அளவே இல்லை. முன்விளிம்பு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நன்றாகத் தெரியட்டும் என்று பின்னுக்குத் தள்ளிவிட்டால் கிரில் (முகத்துக்கு முன் இருக்கும் கம்பித் தடுப்பு) மேலேறி, தாடை திறந்துவிடும். வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும்.

வாங்கும்போது புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தையல் டேப்பைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் கணக்குக்கே வாங்குங்கள். "வளர்ற பையன், ஒரு சைஸ் பெரிசா இருக்கட்டும்" என்பது சட்டைக்குச் சரி. பெரிய ஹெல்மெட் பந்து பட்டதும் சுழன்று பையனின் கண்ணையே மறைக்கும்.

அடுத்தது, நாங்கள் அதிகம் கவலைப்படும் தவறு: முன்விளிம்புக்கும் கிரிலின் மேல்கம்பிக்கும் உள்ள இடைவெளி. பழைய மாடல்களில் காதோரத் திருகைத் தளர்த்தி இதைக் கூட்டலாம், குறைக்கலாம். பந்து தெரியவில்லை என்று பசங்க கூட்டிவிடுவார்கள். பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ., அதாவது குறுக்களவு 7 செ.மீ.க்குச் சற்று மேல். இடைவெளி 6 செ.மீ.தானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. வேகமாக வரும் பந்து கிரிலை வளைத்துக்கொண்டு நுழையும். 2014 ஆகஸ்டில் மான்செஸ்டரில் வருண் ஆரோன் வீசிய பந்து இந்த வழியாகத்தான் போய் பேட் செய்த இங்கிலாந்து வீரர் ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது.

நீங்கள் ஆடும் பந்தை எடுத்து அந்த இடைவெளியில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுழைந்தால் மட்டும் இல்லை, கிரில் அசைந்து வழிவிட்டாலே அந்த ஹெல்மெட் வேண்டாம். சிறுவர் பந்து இன்னும் சின்னது. அப்பாவின் ஹெல்மெட்டில் அது எளிதாக நுழையும். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் பி.எஸ். 7928:2013 (கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) என்று இருக்கிறதா, எந்த அளவுப் பந்துக்குச் சோதித்தது என்றும் பாருங்கள். பைக் ஹெல்மெட் இதற்கு மாற்று ஆகாது. முகத்துக்கு நேரே வரும் கிரிக்கெட் பந்தைத் தடுக்க அது செய்யப்படவில்லை.

கழுத்துக்கு ஹெல்மெட் மறைப்பில்லை. 2014 நவம்பர் 25-இல் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். பவுன்சர் இடது காதுக்குக் கீழே கழுத்தில் பட்டு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்தது. இரண்டு நாளில் இறந்தார். பின்பக்கம் மாட்டும் கழுத்துக் காப்பு அதன் பிறகே பரவலானது. முழுக் காப்பு என்று சொல்ல மாட்டோம், ஆனால் வேகப்பந்துக்கு ஆடுபவர் அதை வாங்கி மாட்ட வேண்டும்.

பேட்ஸ்மேனுக்கு மட்டும்தான் ஹெல்மெட் என்பதும் தவறு. 1998 பிப்ரவரியில் டாக்காவில் இந்திய வீரர் ராமன் லாம்பா, பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் உள்ள ஷார்ட் லெக்கில் ஃபீல்டிங் நின்றார். ஓவரில் மூன்று பந்துதானே மிச்சம் என்று ஹெல்மெட் போடவில்லை. பந்து நெற்றியோரம் பட்டு, மூன்றாம் நாள் உயிர் போனது. ஸ்டம்ப்புக்கு அருகே நிற்கும் கீப்பருக்கும் இதேதான்: 2012-இல் ஸ்டம்ப் மேலிருந்து பறந்து வந்த பெயில்ஸ் (சின்ன மரத்துண்டு) கண்ணில் பட்டு தென்னாப்பிரிக்க கீப்பர் மார்க் பவுச்சரின் ஆட்டவாழ்க்கையே முடிந்தது.

பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். வளைந்த கிரிலைச் சுத்தியால் நிமிர்த்துவது, ஹார்டுவேர் கடைத் திருகு போடுவது, டீம் கலருக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது எல்லாமே அதைப் பலவீனப்படுத்தும். பெயின்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக் ஓட்டை அரிக்கும். வேலூர் வெயிலில் பைக் மேலோ மூடிய காருக்குள்ளோ விட்டுப் போகாதீர்கள். வியர்வையைச் சோப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள்.

தலையில் பந்து பட்டவரைத் தண்ணி குடிக்கவைத்து "ஒண்ணுமில்லடா, ஆடு" என்று அனுப்பாதீர்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்தால் முதலில் நன்றாகப் பேசுவார், நடப்பார், பிறகுதான் மோசமாகும். அடிபட்டவர் ஸ்கோரை மறந்தாலோ, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தலை சுற்றுகிறது, மங்கலாகத் தெரிகிறது என்றாலோ அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. மீண்டும் ஆடலாம் என்று டாக்டர் சொல்லட்டும். சர்வதேசப் போட்டிகளில் 2019 ஆகஸ்ட் முதல் இப்படி வெளியேறுபவருக்கு மாற்று வீரரே உண்டு. உள்ளூர் கேப்டன்களும் தங்களுக்குள் பேசி இதை ஒத்துக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, காதிலோ மூக்கிலோ நீர் போலக் கசிவது, எழுப்பினாலும் எழாத தூக்கம்: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ ராணிப்பேட்டை சிஎம்சி வளாகமோ, எது பக்கமோ அங்கே. மயங்கிக் கிடந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்திருங்கள். மூச்சு தடைப்பட்டால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். அறிகுறி எதுவும் இல்லாதவரையும் தனியாக பைக்கில் அனுப்பாதீர்கள். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம். முதல் இரவு வீட்டில் யாராவது கூடவே இருக்கட்டும், என்ன நடந்தது என்று அவர்களிடம் டீமில் ஒருவர் நேரில் சொல்லிவிட்டு வரட்டும்.