வர்ணத்துக்குப் பிறகு வயலின்: இடைநிலை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பாடங்களான சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளையும் அலங்காரங்களையும் கீதங்களையும் முடித்து, ஆதி தாள வர்ணங்கள் (ஸ்வரமும் சொல்லும் கலந்த உருப்படிகள்) சிலவற்றை இரண்டு காலங்களில் (வேகங்களில்) வாசித்து, கீர்த்தனைகளுக்குள் அடியெடுத்து வைத்துவிட்டவரையே இங்கே இடைநிலை மாணவர் என்று சொல்கிறேன். பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு வட்டாரத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகளில் இந்த நிலையை எட்டியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பலர் தேங்கி நிற்பதும் இதே இடத்தில்தான். உழைப்புக் குறைவு இதற்குக் காரணமில்லை. விரல்களுக்கு ஓரளவு பழக்கம் வந்தவுடன், குரலால் பாட முடியாததையும் அவை வாசிக்கத் தொடங்கிவிடுகின்றன; கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

வயலின் நம் இசைக்கு வந்தபோதே பாட்டைப் பின்தொடரும் பணியைத்தான் ஏற்றது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். இசையிலும் நடனத்திலும் புகழ்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அவையில் அதை வாசித்து, 1834இல் மன்னரிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். வாய்ப்பாட்டின் நெளிவுகளை அப்படியே ஏந்தக்கூடிய வாத்தியம் என்பதால்தான் அது நிலைத்தது. ஆகவே ஒரு சங்கதியை (பாட்டின் ஓர் அடியை விரிக்கும் வடிவத்தை) பாடிப் பார்க்காமல் வாசித்துப் பழகுவதை முதல் தவறாக வைக்கிறேன். குரல் வளம் இதற்குத் தேவையில்லை. சுருதியோடு முணுமுணுத்தாலும் போதும். அந்த முணுமுணுப்பில் அனுஸ்வரங்கள் (ஸ்வரத்தை ஒட்டி வரும் நுண்ணிய துணை ஸ்வரங்கள்) தெளிவாக வந்துவிட்டால், விரலுக்கு எங்கே போவது என்ற ஐயம் பெரும்பாலும் எழாது.

அடுத்தது வில். இடைநிலை மாணவரின் கவனம் முழுவதும் இடக்கையில் இருக்கும். வலக்கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். முழு அளவு வில்லில் வாசிப்புக்குப் பயன்படும் மயிரின் நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அதில் நடுவிலுள்ள ஒரு சாண் அளவை மட்டுமே வைத்து வர்ணம் முழுவதையும் வாசித்து முடிக்கும் மாணவர்கள் உண்டு. வேகம் வருவது போலத் தோன்றும், ஆனால் நாதம் வளராது. மெதுவாகச் செல்லும் சௌக்க காலக் கீர்த்தனையை எடுத்ததும் குறை வெளிப்பட்டுவிடும். வில்லை அடி முதல் நுனி வரை இழுக்கும்போது அது குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு) இணையாக நேராகச் செல்கிறதா, நுனியை நெருங்கும்போது விரற்பலகைப் பக்கம் சரிகிறதா என்பதைக் கண்ணாடி முன் அமர்ந்து பார்ப்பது நல்லது. திறந்த தந்தியில் எட்டு அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) ஒரு வில் என்று தொடங்கி, நாதம் நடுங்காமல் பதினாறு அட்சரம் வரை கொண்டுபோகும் பயிற்சியைத் தினமும் முதலில் செய்பவருக்கு, மற்ற பயிற்சிகளில் பாதி வேலை மிச்சமாகும்.

வில்லைப் பற்றிய இன்னும் பெரிய தவறு சாகித்தியத்தை (பாட்டின் சொற்களை) பொருட்படுத்தாமல் திருப்புவது. ‘முருகா’ என்ற சொல் பாட்டில் வருகிறது என்று கொள்வோம். மு, ரு என்ற இரண்டு எழுத்துக்கும் தனித்தனி வில் போட்டு, நான்கு அட்சரம் நீளும் ‘கா’ முழுவதையும், அதிலுள்ள கமகங்கள் (ஸ்வர அசைவுகள்) எத்தனையானாலும், ஒரே வில்லில் வாசித்தால் கேட்பவருக்குச் சொல் விளங்கும். ‘கா’வின் நடுவில் வில் தீர்ந்துபோய்த் திருப்பினால் அந்த எழுத்து இரண்டாக உடைந்து கேட்கும். மறுபக்கம், எல்லா எழுத்துகளையும் ஒரே நீள வில்லுக்குள் இழுத்துவிட்டால் சாகித்தியமே அழிந்து, ஆலாபனை போல வழுக்கிக்கொண்டு போகும். எனவே புதிய கீர்த்தனை ஒன்றைக் கற்கும்போது ஸ்வரக் குறிப்பின் கீழ் சாகித்தியத்தை எழுதி, எந்த எழுத்தில் வில் மாறுகிறது என்பதையும் ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரலமைப்பைக் குறித்துக்கொள்ளும் மாணவர்களில் பலர் இதைக் குறிப்பதில்லை.

வில்லை அழுத்துவதும் இந்த நிலையில் அடிக்கடி காண்பது. உரத்த நாதம் வேண்டுமென்று அழுத்துகிறார்கள். நம் முறையில் தந்திகளை மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்ய ஸட்ஜம், மத்ய பஞ்சமம் என்று சேர்க்கிறோம் (மந்தரம் கீழ் ஸ்தாயி, மத்யம் நடு ஸ்தாயி). ஒன்றரை, இரண்டு கட்டைச் சுருதிக்குச் சேர்த்த வயலினில் தந்திகள் மேற்கத்திய முறையில் சேர்த்ததைவிட நன்றாகவே தளர்ந்திருக்கும். தளர்ந்த தந்தியை அழுத்தினால் நாதம் கரகரப்பதோடு சுருதியும் சற்றுப் பிறழும். மாணவரோ விரல் பிசகிவிட்டது என்று எண்ணி விரலை நகர்த்துவார். உரம் வேண்டுமானால் வில்லைக் குதிரைக்குச் சற்று அருகில் கொண்டுசென்று, இழுப்பின் வேகத்தைக் கூட்டுவதே சரியான வழி.

இடக்கைக்கு வருவோம். சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலின் மேல் ஊன்றி, மறுமுனையை இடது தோள் பக்கமாக மார்பில் சாய்த்துக்கொள்ளும் நம் அமர்வின் பயனே, வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கைக்கு விடுதலை கிடைப்பதுதான். கட்டை விரலால் கழுத்தை இறுகப் பிடித்தால் அந்தப் பயன் முழுவதும் வீணாகிறது. பிடி இறுகினால் ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது) திக்கும், விரல் தந்தியை விரற்பலகையோடு நசுக்கும், கம்பிதம் (ஸ்வரத்தை அசைப்பது) மரத்துப்போகும். வாசிப்பின் நடுவே கட்டை விரலை ஒரு கணம் எடுத்துப் பார்த்தால், வயலின் நழுவாமல் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நழுவினால் குறை அமர்வில்தான் இருக்கிறது.

கமகத்தில் நேரும் தவறுகள் நுட்பமானவை. அவற்றுக்கு அதிகப் பொறுமை வேண்டும். சங்கராபரண ராகத்தின் அந்தர காந்தாரத்தைப் பல இடங்களில் அசைக்காமல் நிறுத்தலாம். தோடி ராகத்தின் சாதாரண காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் அசைந்துதான் தன் உருவத்தைப் பெறுகிறது. அந்த அசைவை எல்லாக் காலப்பிரமாணத்திலும் ஒரே வேகத்தில், ஒரே அகலத்தில் இயந்திரம்போல் போடுவதே பரவலான பிழை. சௌக்க காலத்தில் அசைவு நிதானமாக, ஒவ்வொரு முனையையும் தொட்டு வர வேண்டும். இரண்டாம் காலத்தில் அசைவின் எண்ணிக்கை தானே குறையும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. கேரளத்தில் தேவாலயப் பாடகர் குழுவிலோ மேற்கத்திய இசை வகுப்பிலோ வயலின் தொடங்கிய பிள்ளைகள், நீண்ட ஸ்வரம் எதுவானாலும் மணிக்கட்டை அசைத்து ஒரு நடுக்கத்தைச் சேர்ப்பார்கள். மேற்கத்திய இசையில் அதற்கு உரிய இடம் உண்டு. ஆனால் ஒரு ஸ்வரஸ்தானத்தை ஒட்டியே நிகழும் அந்த நடுக்கம் ஒரு ஸ்வரத்திலிருந்து பக்கத்து ஸ்வரம் வரை போய்வரும் கம்பிதத்துக்கு ஈடாகாது. அசைவின்றி நிற்க வேண்டிய ஸ்வரத்தையும் அது கலைத்துவிடும்.

பைரவி ராகத்து அட தாள வர்ணம் இந்த நிலையில் ஒரு நல்ல சோதனை. ஏற்றத்தில் சதுஸ்ருதி தைவதம், இறக்கத்தில் சுத்த தைவதம். விரலோ பழகிய ஒரே இடத்துக்குப் போய் விழும். ஏற்ற இறக்கங்களைத் தனியாக வாசிக்கும்போது சரியாக வருவது, வளைந்து செல்லும் பிரயோகங்களில் (ஸ்வரத் தொடர்களில்) தடுமாறும். அந்தப் பிரயோகங்களை மட்டும் எடுத்துப் பாடி, பிறகு வாசிப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஸ்வரம் இரட்டையாக வரும் ஜண்டைப் பிடிகளிலும் அப்படித்தான்: இரண்டாவது ஸ்வரத்துக்குக் கீழ் ஸ்வரத்திலிருந்து ஒரு சிறு உந்துதல் கிடைக்க வேண்டும். வில்லை இரண்டு முறை திருப்பிவிட்டால் ஜண்டை வந்துவிட்டதாக நினைப்பது தவறு.

தார (மேல்) ஸ்தாயியில் சுருதி கூடிப்போவதற்கு ஓர் எளிய கணக்கு காரணம். வயலின் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். மத்ய ஸட்ஜத் தந்தியில் பஞ்சமம் அதன் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 11 சென்டிமீட்டரில் கிடைக்கிறது. தார ஸட்ஜம் சரிபாதியில், 16.5இல். அங்கிருந்து தார பஞ்சமம் வெறும் 5.5 சென்டிமீட்டர். கீழே 11 சென்டிமீட்டருக்குப் பரவியிருந்த அதே ஸ்வரங்கள் மேலே பாதி இடத்துக்குள் நெருங்கிவிடுகின்றன. கீழே பழகிய இடைவெளியை மேலேயும் எடுத்துச்செல்லும் கைக்குச் சுருதி சேராது. சரிபார்க்க வாத்தியத்திலேயே வழி இருக்கிறது. ஸட்ஜத் தந்தியில் பஞ்சமத்தைத் துல்லியமாகப் பிடித்தால் பக்கத்திலுள்ள பஞ்சமத் தந்தி தானாக அதிரும். மந்தர பஞ்சமத் தந்தியில் மத்ய ஸட்ஜத்தைப் பிடித்தாலும் அப்படியே. சுருதிப் பெட்டியை உரக்க வைத்துவிட்டு அதனுள் தன் வாசிப்பை மறைத்துக்கொள்வதைவிட, அதைத் தணித்து வைத்து இந்த அதிர்வைக் கேட்பது காதை விரைவாகத் தீட்டும்.

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரு கைகளும் வாத்தியத்தில் இருப்பதால் மாணவர்கள் பாதத்தால் தட்டத் தொடங்குகிறார்கள். சுருள் தலை வலது காலில் ஊன்றியிருக்கும்போது அந்தக் கால் அசைந்தால் வயலினும் அசையும், வில்லும் துள்ளும். கையால் தாளம் போட்டுப் பாடி உள்ளே பதித்துக்கொண்ட பிறகு வாசிப்பதே முறை.

கேட்பதிலும் தவறு நேர்கிறது. வயலின் கலைஞர் பரூர் சுந்தரமய்யரின் வழி அவருடைய மகன் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனிடம் பெரும் வில்வீச்சோடும் இந்துஸ்தானி இசையின் சாயலோடும் வளர்ந்தது. 1928இல் திருப்பூணித்துறையில் பிறந்த டி.என். கிருஷ்ணனின் வாசிப்பு அலங்காரம் குறைந்து, சுத்தமான சுருதியும் நிதானமும் நிறைந்து ஒலித்தது. லால்குடி ஜயராமன் வாய்ப்பாட்டின் குழைவை வயலினில் கொண்டுவந்தார். மூன்றையும் கேட்க வேண்டும். ஆனால் கைபேசியில் இன்று ஒன்றும் நாளை மற்றொன்றுமாகக் கேட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வேகப் பிருகாவை (விரைவான ஸ்வரக் கோவையை) பொறுக்கிச் சேர்க்கும் மாணவருக்கு எந்த பாணியும் கைவராது. அந்த வேகத்துக்குப் பின்னாலுள்ள வில்லும் விரலமைப்பும் ஒவ்வொரு பாணியிலும் வேறு. தம் ஆசிரியரின் விரலமைப்பு கையில் உறுதிப்படும் வரை மற்றவற்றைக் காதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாத்தியப் பராமரிப்பில் நம் ஊரின் பருவநிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி, தந்தியை முறுக்கும் பிரடைகள் இறுகும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் அவை சுருங்கி நழுவும். இறுகிய பிரடையைப் பலத்தால் திருகுவதும், நழுவும் பிரடையோடு தினமும் போராடுவதும் வேண்டாம். வாத்தியம் சீர்செய்பவரிடம் கொடுத்துவிடலாம். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்தாவிட்டால் குச்சியின் வளைவு கெடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு வில் மயிரைத் தொட்டால் அந்த இடத்தில் ரோசின் பிடிக்காது. ஜாரு எளிதாக வர இடக்கை விரலில் துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. வில் உரசும் இடத்துக்கு அது பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐயப்பனுக்கான சாஸ்தா ப்ரீதி பஜனைகளிலும் குருவாயூர் செம்பை சங்கீதோற்சவத்திலும் பக்கவாத்தியம் வாசிக்கும் வாய்ப்பு இந்த நிலையிலேயே சிலருக்கு வந்துவிடுகிறது. மறுக்க வேண்டியதில்லை, ஆனால் பாடகர் ஆலாபனை செய்யும்போது தமக்குத் தெரிந்த சங்கதிகளை முந்திக்கொண்டு வாசிப்பது பெரும் பிழை. பாடகரின் பிடியை ஒரு நிழல் தூரம் பின்னால், அவருடைய குரலைவிடக் குறைந்த ஒலியில் தொடர வேண்டும். பிடிபடாத பிரயோகம் வந்தால் அது முடியும் ஸ்வரத்தில் நின்றாலே போதும். உடனுக்குடன் கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தில் அவர் பாடிய கணக்கு புரியாதபோது, நீளத்தை மட்டும் ஒத்து எளிமையாக வாசித்து எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) சரியாகச் சேர்வது, கணக்கை அரைகுறையாகத் திருப்பிச் சொல்வதைவிடப் பல மடங்கு மேலானது. முதல் பாடகருக்கு ஒன்றரைக் கட்டையும் அடுத்து வரும் பாடகிக்கு ஐந்தரைக் கட்டையும் சேர்க்க வேண்டி வந்தால், இடையில் ஏற்றிய தந்திகள் சற்று நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மேடையேறுவதற்குக் குறைந்தது கால் மணி நேரம் முன்னதாகவே சுருதி சேர்த்து, இரண்டு மூன்று முறை திருத்தி, தந்தி நிலைத்த பிறகு உட்கார வேண்டும்.