பாறையிலும் மண்ணிலும் கல்நார் எவ்வளவு இருக்கிறது? அளக்கும் முறை, படிப்படியாக

கலிபோர்னியாவின் மாநிலப் பாறை செர்பென்டைன். 1965-இல் அதற்கு அந்த இடம் கிடைத்தது. பச்சையாக, மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும். அதன் விரிசல்களில் வெள்ளை நரம்புகளாக ஓடுவது பெரும்பாலும் கிரைசோடைல், அதாவது கல்நாரின் (ஆஸ்பெஸ்டாஸ்) ஒரு வகை. இந்தப் பாறையை ஜல்லியாக உடைத்து மண்சாலைகளில் கொட்டும் வழக்கம் அங்கே இருந்தது. வண்டி போகும்போதெல்லாம் இழைகள் தூசியோடு கிளம்பின. சாலையில் பரப்பும் ஜல்லியில் கல்நார் 5 சதவீதத்தை எட்டக் கூடாது என்று 1990-இல் விதி வந்தது. 2000-இல் அது 0.25 சதவீதமாக இறுக்கப்பட்டது.

0.25 சதவீதத்தை எப்படி அளப்பது? கலிபோர்னியா காற்று வள வாரியம் 1991-இல் வெளியிட்ட 'முறை 435' இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. புவியியல் மாணவர்களும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் புரிந்துகொள்வதற்காக அதன் போக்கை இங்கே விளக்குகிறேன். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம். உள்ளே போன இழை நுரையீரலில் தங்கிவிடும். நோய் தெரியவர இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம்.

மாதிரி எடுத்தல்

என்னைக் கேட்டால், மைக்ரோஸ்கோப்பைவிட முக்கியமான வேலை இதுதான். கல்நார் பாறையில் சீராகப் பரவியிருக்காது. ஓரிடத்தில் விரல் கனத்துக்கு நரம்பு ஓடும்; ஓரடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது. கண்ணில் பட்ட அழகான நரம்பை மட்டும் அள்ளினால் எண் ஊதிப்போகும். அதை ஒதுக்கினால் எண் பொய்யாகும். எனவே குவியலிலோ நிலத்திலோ பல இடங்களில், மேல் தோலை நீக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும்.

எடுக்கும் முன் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். காய்ந்த பாறையைச் சுத்தியலால் தட்டாதீர்கள். பி-100 வடிகட்டி உள்ள முகமூடி அவசியம். துணி மாஸ்க் போதாது. மாதிரியை இரட்டைப் பையில் போட்டு, இடத்தையும் ஆழத்தையும் பாறை வகையையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

காயவைத்து, பிரித்து, அரைத்தல்

மிதமான சூட்டில் ஓவனில் உலர்த்துங்கள். சூடு மிகுந்தால் கிரைசோடைலின் ஒளியியல் குணமே மாறிவிடும். பிறகு கிரஷரில் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிதாக உடைத்து, குவித்து நாலாக வகுந்து, எதிரெதிர்ப் பகுதிகளை எடுத்து அளவைக் குறையுங்கள். கடைசியில் அரை லிட்டர் அளவு போதும்.

அதை அரைவையில் போட்டு, பெரும்பகுதி 200-ஆம் எண் சல்லடையில், அதாவது 75 மைக்ரான் கண்ணில், இறங்கும் வரை அரைக்க வேண்டும். இங்கேதான் பதம் தேவை. குறைவாக அரைத்தால் இழைகள் கல் துணுக்குக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதிகமாக அரைத்தால் ஒளி மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாத அளவுக்கு நொறுங்கிப் போகும். இந்த வேலை முழுவதும் ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சு பெட்டிக்குள் நடக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு அரைவையைக் கழுவுங்கள். இடையிடையே சுத்தமான குவார்ட்ஸ் மணலை அரைத்து அதையும் பாருங்கள். அதில் இழை தெரிந்தால் உங்கள் அரைவை அழுக்காக இருக்கிறது என்று பொருள்.

இழையை அடையாளம் காணுதல்

ஒரு சிட்டிகைத் தூளை ஸ்லைடில் வைத்து, ஒளிவிலகல் எண் 1.550 உள்ள எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். இது கிரைசோடைலுக்கான எண்ணெய். டிரெமோலைட், ஆக்டினோலைட் என்ற வேறு கல்நார் வகைகள் இருக்கலாம் என்று தோன்றினால் 1.605 எண்ணெயில் தனி ஸ்லைடு போட வேண்டும். அப்புறம் முனைவுற்ற ஒளி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நிறப்பிரிகைச் சாயல் முறையில், அதாவது எண்ணெயில் இழை காட்டும் நிறத்தை வைத்து அடையாளம் காணும் முறையில், இழை ஒளியின் முனைவுத் திசைக்கு இணையாக இருக்கும்போது கிரைசோடைல் மெஜந்தா நிறம் காட்டும். குறுக்காகத் திருப்பினால் நீலமாகும். நீளமாகத் தெரிவதெல்லாம் கல்நார் ஆகிவிடாது. வேர்த் துணுக்கு, காகித இழை, தால்க், ஆண்டிகோரைட் போன்ற வேறு கனிமங்கள் எல்லாம் ஏமாற்றும்.

டிரெமோலைட், ஆக்டினோலைட் சேர்ந்த ஆம்பிபோல் என்ற கனிமக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இழையாக வளராத டிரெமோலைட்டை அரைத்தாலும் ஊசி ஊசியாகத் துண்டுகள் கிடைக்கும். உண்மையான கல்நார் இழை மெல்லியது, பெரும்பாலும் அகலத்தைப் போல 20 மடங்குக்கு மேல் நீளும், வளையும், கட்டுக் கட்டாக இருந்து நுனியில் பிரியும். கலிபோர்னியாவின் எல்டொராடோ ஹில்ஸ் ஊரின் மண்ணில் இருப்பது இழையா, உடைந்த துண்டா என்று பெரிய வாதமே நடந்தது. சந்தேகம் வந்தால், பார்த்த வடிவத்தை அப்படியே எழுதிவையுங்கள்.

எண்ணுதல்

எட்டு ஸ்லைடுகள், ஒவ்வொன்றிலும் 50 புள்ளிகள், ஆக 400. கண்வில்லையின் குறுக்குக் கோடு வெட்டும் இடத்தில் என்ன துகள் இருக்கிறது என்பதை மட்டும் எண்ணுங்கள். வெற்றிடம் கணக்கில் வராது. பக்கத்தில் அருமையான இழை கிடந்தாலும் புள்ளிக்கு அடியில் இல்லையென்றால் எண்ணக் கூடாது. குறிப்பில் மட்டும் எழுதுங்கள். 400-இல் ஒரு புள்ளி கல்நார் மேல் விழுந்தால் 0.25 சதவீதம். மூன்று விழுந்தால் 0.75.

சரி, பூஜ்ஜியம் வந்தால்? மண்ணில் உண்மையிலேயே 0.25 சதவீதம் இருந்தால்கூட, 400 புள்ளிகளில் ஒன்றுகூடக் கல்நார் மேல் விழாமல் போக ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு உண்டு. பூஜ்ஜியம் வந்த மாதிரியில் 0.75 சதவீதம் வரை இருக்க இடம் உண்டு என்பதே 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது. பள்ளி மைதானத்துக்கோ வீட்டு மனைக்கோ முடிவெடுக்கும்போது இது போதாது. 1,000 புள்ளிகள் எண்ணச் சொல்லுங்கள், அல்லது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புங்கள். ஒளியில் தெரியாத கால் மைக்ரானுக்கும் மெல்லிய இழைகளை அது காட்டும்; எந்தக் கனிமம் என்பதையும் உறுதி செய்யும்.

மண்ணின் சதவீதத்தை வைத்து மூச்சில் போகும் இழைகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. அதற்குக் காற்றையே அளக்க வேண்டும். கலிபோர்னியாவின் கிளியர் கிரீக் பகுதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மோட்டார் சைக்கிள் ஓட்டவைத்து, பெரியவர், குழந்தை இருவரின் மூச்சு உயரத்திலும் காற்றை உறிஞ்சிப் பார்த்தது. அந்த முடிவுகளைத் தொடர்ந்து 2008 மே மாதம் அங்கே சுமார் 31,000 ஏக்கர் மூடப்பட்டது.

அறிக்கையில் "கல்நார் இல்லை" என்று எழுதாதீர்கள். "400 புள்ளிகளில் கண்டறியப்படவில்லை, கண்டறியும் எல்லை 0.25 சதவீதம்" என்று எழுதுங்கள். எந்த முறை, எந்தக் கனிமம், எத்தனை புள்ளிகள் என்பதும் கூடவே வர வேண்டும். மீதித் தூளை மூடி, எண்ணிட்டு வையுங்கள். யாராவது மறுபடி எண்ணிப் பார்க்கக் கேட்கலாம்.