பழைய நம்பர் பிளேட் சேர்க்கிறீர்களா? தின்னர் பாட்டிலை மூடி வையுங்கள்

சென்னை புதுப்பேட்டையில் கார்புரேட்டரும் கியர் பாக்ஸும் தேடி அலைபவர்களுக்கு நடுவே இப்போது நம்பர் பிளேட் கேட்டு வரும் இளைஞர்களையும் பார்க்க முடிகிறது. ஒரு காலத்தில் காயலான் கடையில் எடைக்குப் போன தகரம் அது. இன்று சில கடைக்காரர்கள் தனியாக எடுத்து ஆணியில் மாட்டி வைக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் புதியவர்கள் வாங்கிப்போய், "சரிசெய்து" எடுத்து வந்து காட்டும் பிளேட்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாங்கள் ஆரம்பத்தில் செய்து தொலைத்த அதே கோளாறுகள், அதே வரிசையில்.

துருப்பிடித்த தகரம் கையைக் கிழிக்கும், முதலில் சொல்லும் விலையைக் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயிண்ட் அடிப்பது

இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வருகிறது. அங்கே மாநில அரசுதான் பிளேட் கொடுக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1903-லேயே தொடங்கிவிட்டது. பல மாநிலங்களில் வருடத்துக்கு ஒரு புது பிளேட் என்றுகூட இருந்தது. அதனால் பழையவை வீட்டுக்கு வீடு கொட்டகையில் குவிந்தன, சேகரிப்பவர்களும் பெருகினார்கள். அவர்களுடைய சங்கமான ஏஎல்பிசிஏ 1954-இல் தொடங்கப்பட்டது. நமக்கு முக்கியமான விஷயம் வேறு. அந்தப் பிளேட்டுகளில் பெரும்பாலானவற்றில் எழுத்து தகரத்திலேயே புடைத்து நிற்கும்படி அழுத்தப்பட்டிருக்கும். பெயிண்ட் முழுக்க உரிந்தாலும் எழுத்து போகாது. மேட்டின் மேல் பெயிண்ட் உருளையை ஓட்டினால் பழைய வடிவம் அப்படியே திரும்பி வரும்.

நம் ஊர்க் கதை அப்படி இல்லை. ஆர்.டி.ஓ. ஆபிஸ் கொடுத்தது நம்பரை மட்டும்தான். பிளேட் வண்டிக்காரர் பாடு. தகரத்தை வெட்டி, கறுப்பு எனாமல் அடித்து, காயவைத்து, பெயிண்டர் கையில் பிரஷ் பிடித்து வெள்ளையில் எழுதுவார். தகரம் சமதளம், எழுத்து வெறும் பெயிண்ட். அதைச் சுரண்டிவிட்டால் உங்கள் கையில் இருப்பது ஒரு தகரத் துண்டு, அவ்வளவுதான்.

சேலம் பக்கத்துத் தம்பி ஒருவர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பின் பிளேட் ஒன்றை வாங்கினார். வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் தயாரான கார் அது. இன்று சாலையில் பார்ப்பதே அபூர்வம். வாங்கிய அன்றே கடை வாசலில் வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு எனாமல் பொடிப்பொடியாக வெடித்திருந்தது. வெள்ளை எழுத்து பழுத்துத் தந்த நிறத்துக்கு வந்திருந்தது. 4-இன் கால் முடியும் இடத்தில் பிரஷ்ஷைச் சட்டென்று தூக்கிய ஒரு சின்ன வால். 7-இன் மேல்கோடு லேசாக வளைந்து இறங்கியது. வலது கீழ் மூலையில் எறும்பு சைஸில் பெயிண்டரின் பெயரும் ஊரும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. இடது பக்கத்தில் வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில், இப்போதைய எழுத்துக்கு அடியில் இன்னொரு எழுத்தின் விளிம்பு லேசாக மேடிட்டுத் தெரிந்தது. 'கே', பக்கத்தில் 'எல்'. கேரளத்தில் ஓடிய கார் இங்கே வந்து மறுபதிவு ஆகியிருக்கிறது. வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே தங்கினால் இங்கத்து நம்பர் வாங்க வேண்டும் என்பது இன்றைய சட்டத்திலும் உள்ளதுதான். வண்டிக்காரர் புதுத் தகரம் வாங்காமல் பழையதன் மேலேயே எழுத வைத்திருக்கிறார். ஒரே தகரத்தில் இரண்டு மாநிலம்! "தொடாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்" என்று பதில் போட்டேன்.

பதில் போய்ச் சேர்வதற்குள் பிளேட் பெயிண்ட் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் நேரில் கொண்டுவந்தபோது அது பளபளவென்று இருந்தது. தின்னர் ஊற்றி உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, ஸ்ப்ரே அடித்து, கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர் எழுத்தை ஒட்டியிருந்தார்கள். பழைய ஆணி ஓட்டைகளைக்கூட அடைத்துவிட்டு, சமச்சீராக இருக்கட்டும் என்று புதிதாக நான்கு ஓட்டை போட்டிருந்தார்கள். "எப்படிண்ணே இருக்கு?" என்றார். என்ன சொல்வது? "தம்பி, இது இந்த வருஷத்து பிளேட்" என்றேன். பிளேட்டுக்குக் கொடுத்ததைவிட பெயிண்ட் கடைக்குக் கொடுத்தது அதிகம். ஹெரால்டு வைத்திருக்கும் ஒருவர் அதை வாங்க ஆசையாக இருந்தார். பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இன்னமும் ஆறவில்லை எனக்கு. அழுக்கு வேறு, தடயம் வேறு என்ற பேதம் தெரியாமல் செய்யும் வேலை இது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் பிற்பகுதியில் அங்கே வாகன எண்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958-இல் தமிழர் பகுதிகளில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது பஸ்களில் இருந்த அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். பதிலுக்குத் தென்பகுதியில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் விழுந்தது. அந்தக் காலத்துப் பலகை ஒன்று தார்க் கறையோடு உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து "சுத்தம்" செய்தால் மிஞ்சுவது என்ன?

சரி, அப்படியானால் என்னதான் செய்யலாம்? முதலில் இருட்டறையில் பிளேட்டைப் படுக்க வைத்து, டார்ச்சைத் தகரத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்துப் பாருங்கள். அடியில் பழைய எழுத்து இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். நான்கு பக்கமிருந்தும் அப்படிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள். பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் பிழிந்த ஈரத்துணி; உடனே துடைத்துக் காயவையுங்கள். உரிந்து நிற்கும் பொருக்கைத் தொடவே வேண்டாம். துரு பரவாமல் இருக்க மெஷின் ஆயில் தடவுவதென்றால் பின்பக்கம் மட்டும். வேலை அவ்வளவுதான்.

வருடத்தை விசாரிக்காமல் வாங்குவது

"1975 அம்பாசிடர் பிளேட் சார்" என்று 'டிஎன்'னும் இரண்டு இலக்க எண்ணும் போட்ட தகரத்தை நீட்டுவார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த வடிவம் வந்தது. அதற்கு முன்னால் மூன்றெழுத்து. எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் 'டிஎம்எக்ஸ் 4777' நினைவிருக்கிறதல்லவா? தி.நகர் நினைவு இல்லத்தில் அந்தக் காரே நிற்கிறது. இருந்தும் '4777' பிளேட் என்று விற்க வருபவர்களுக்குக் குறைவில்லை, வாங்குபவர்களுக்கும்தான்.

நிறத்தை வைத்தும் அவசரப்படக் கூடாது. தனியார் வண்டிகளுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து என்பது 2000-களின் தொடக்கத்தில் வெள்ளையில் கறுப்பு எழுத்தாக மாறியது. பழைய மூன்றெழுத்து நம்பர் வெள்ளைப் பின்னணியில் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாற்றம் வந்தபோது பழைய பிளேட்டின் மேலேயே வெள்ளை அடித்து எழுதியவர்கள் உண்டு. மறுபடியும் டார்ச்சை எடுங்கள்.

போலியைப் பிடிக்க ஓட்டைகளைப் பாருங்கள். வருடக்கணக்கில் போல்ட் இறுகியிருந்த இடத்தில் வாஷர் அளவுக்கு ஒரு வட்டம் பதிந்திருக்கும். அதற்குள் பெயிண்ட் வெயில் படாமல் புதிதாக இருக்கும். கீழ் விளிம்பில் கல் அடித்த காயங்கள் மேல் விளிம்பைவிட அதிகம் இருக்கும். துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் அது ரோட்டில் வந்த துரு இல்லை, யாரோ உப்புத்தண்ணீர் தெளித்து வரவழைத்தது.

உயிரோடு இருக்கும் நம்பர்

பிளேட் கையில் இருப்பது குற்றமில்லை என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் நம்பரை வாங்கி வைக்காதீர்கள். திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். உங்களிடமிருந்து அது வேறு கைக்குப் போய், வேறு வண்டியில் ஏறி, ஏதாவது கேஸில் சிக்கினால் போலீஸ் உங்கள் வாசலுக்கும் வரும். அரசின் வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் 'வாகன்' இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அதில் வரவில்லை என்பதாலேயே நம்பர் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய மூன்றெழுத்துப் பதிவுகள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. விற்பவரிடம் வண்டி எங்கே உடைக்கப்பட்டது என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடை.

புது ஹாலோகிராம் பிளேட்

சேர்க்காதீர்கள். கழற்றினால் உடையும்படிதான் பூட்டே போட்டிருக்கிறார்கள். உடையாமல் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

மேல்நோக்கிய அம்பு போட்ட ராணுவ பிளேட்

வேண்டாம்.

வண்டி இருக்கும்போது பிளேட்டைப் பிரிப்பது

கொட்டகையில் முழு வண்டி நிற்கும். அதில் பிளேட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். 2021-இல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவு இருந்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். வண்டியை மீட்டெடுக்கப் போகிறவருக்கு அந்தத் தகரம் உங்களைவிட அதிகம் தேவை. முன் பிளேட் ஒருவரிடமும் பின் பிளேட் இன்னொருவரிடமும் போய்ச் சேர்வது அதைவிடக் கொடுமை. ஜோடியாகக் கிடைத்தால் ஜோடியாகவே வையுங்கள்.

அடுக்கி வைப்பது

சென்னைப் புழுக்கத்தில் எனாமலோடு எனாமல் ஒட்டிக்கொள்ளும். நடுவில் செய்தித்தாள் வைத்தால் அன்றைய தலைப்புச் செய்தி பிளேட்டில் ஏறிவிடும். வெள்ளைப் பருத்தித் துணி போதும். கடலோரத்தில் வீடு என்றால் சுவரில் மாட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

கூடவே வந்த ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுவது

அதில் ஒருவருடைய பெயரும் வீட்டு முகவரியும் இருக்கிறது. பிளேட்டை மட்டும் போடுங்கள்.